புனிதவதி அக்கா ஏற மறுத்த பஸ்

ஐம்பத்தைந்து வயதில் நான் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்தேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் என் பிள்ளைகளின் வயது. மயங்கி விழுகிறவரை எப்படிப் பிடிப்பது, படுக்கையில் கிடப்பவரை எழுப்பாமல் விரிப்பை எப்படி மாற்றுவது, நினைவு தடுமாறி வெளியே போய்விடுகிறவரை எப்படித் தேடுவது என்று எல்லாவற்றிலும் எனக்கு நல்ல புள்ளி. அன்று பிடித்தது எனக்கு ஒரு வியாதி. வயது போன யாரைக் கண்டாலும் இவர் இப்போது விழப் போகிறார் என்று தோன்றும். தேவாலயப் பூசையில் நன்மை எடுக்க வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் முழங்கால்களைத்தான் பார்ப்பேன். எனக்கும் அறுபது நெருங்குகிறது என்பது மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

இந்த வியாதியோடுதான் 1997 தை மாதம் புனிதவதி அக்காவின் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அவருக்கு அப்போது எழுபது. இலேசான பாரிசவாதம் வந்து இடது கை பலவீனமாகியிருந்தது. கிழமையில் மூன்று நாள் காலையில் நான் போய்க் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, கைக்குப் பயிற்சி செய்விக்க வேண்டும்.

பார்க்டேலில் பழைய அப்பார்ட்மென்ற் ஒன்றின் பதினோராம் மாடியில் தனியாக இருந்தார். கணவர் சிவபாதம் யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். அவர் நீரிழிவில் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் விரிப்பு மடித்து அவர்களைப் படிப்பித்தவர். அந்த வேலையில் அவர் கற்றுக்கொண்ட ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் சுருக்கமில்லாத ஆங்கிலம். வேலையை விட்ட பிறகு அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தெருவில் ஓடும் ட்ராம், ஸ்ரீற்கார். குயின் தெருவில் ஏறிக் கிழக்கு முனைவரை போவார். இறங்கி ஏரியைப் பார்ப்பார். அடுத்ததில் ஏறித் திரும்பி வருவார். வழியில் ஏறி இறங்குகிறவர்களோடு கதைப்பார். எந்தச் சாரதிக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு முதுகுவலி என்பதெல்லாம் தெரியும்.

பாரிசவாதம் வந்த பிறகும் அவர் இதை விடவில்லை. நான் குளிக்க வார்த்து, உடுப்பாட்டி, நாற்காலியில் இருத்திவிட்டு வந்தால், நான் அடுத்த வீட்டுக்குப் போகும் ஸ்ரீற்காரில் எனக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பார்.

பங்குனியில் பாத் ரப்பில், அந்தக் குளிக்கும் தொட்டியில், வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மகன் பிரவீனன் பயந்துவிட்டான். அவன் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு வாங்கியிருந்தான். கீழே பேஸ்மென்றில் அம்மாவுக்கென்று ஓர் அறை, குளியலறை, தனி டி.வி. எல்லாம் தயார். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா ஒருமுறை போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்.

"எப்பிடியக்கா வீடு?" என்று கேட்டேன்.

"வீடு வடிவு. வெளியிலை இறங்கினாப் புல்லு. புல்லு முடிஞ்சா இன்னொரு வீட்டுப் புல்லு. ஒரு கடை இல்லை, ஒரு பஸ் இல்லை. ஆராவது காரிலை ஏத்தினாத்தான் வெளிக்கிடலாம். சாமான் மாதிரி."

மகனுக்கும் தாய்க்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மகள் நிரூபாவின் அழைப்பு வந்தது. நிரூபா நியூசிலாந்தில் படித்துவிட்டு, பசிபிக் நடுவில் ராரோதொங்கா என்ற தீவில் கணித ஆசிரியையாக இருந்தாள். குக் தீவுகளின் தலைநகரான அவாருவா அந்தத் தீவில்தான் இருக்கிறது. அம்மா வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றாள். அம்மாவும் உடனே ஓம் என்றார். வரைபடத்தில் அந்தத் தீவைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு மூக்குக்கண்ணாடி போதவில்லை.

பிரவீனன் என்னிடம் வந்தான்.

"அன்ரி, நீங்களும் அம்மாவோடை போட்டு வாங்கோ. ரிக்கற் எல்லாம் நான் பாக்கிறன். ஆனா ஒரு விசயம். நீங்கள் படிச்ச ஆள். திரும்பி வந்து எனக்கு உண்மையைச் சொல்லோணும். அம்மா தனிய இருக்கேலுமோ, ஏலாதோ. நீங்கள் என்ன சொல்லுறியளோ அதுதான் முடிவு. அம்மாவிட்டையும் சொல்லிப்போட்டன். அவவும் ஓமெண்டிட்டா."

எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. நான் சொல்வதுதான் முடிவு என்று என் கணவர்கூட ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையில் முடிவை நான் புறப்பட முன்பே எடுத்துவிட்டேன். பாரிசவாதம் வந்தவர், ஒருமுறை விழுந்தவர், தனியே திரிகிறவர். ஸ்ரௌவ்வில்தான். போய் வருவது ஒரு சடங்கு.

ஆவணியில் புறப்பட்டோம். என் பெட்டியில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கையுறை, பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டு, வெப்பமானி. அவற்றுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், கருவாடு. புது ஊரில் என்ன கிடைக்குமோ என்ற முன்யோசனை. அக்காவின் கைப்பையின் உள்ளே அவருடைய பெயர், நோய் விவரம், மகளின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி ஓர் அட்டையை ஊசியால் குத்தியிருந்தேன். வழிதவறுகிறவர்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லித்தான் படிப்பித்தார்கள்.

"உதென்ன, ஆட்டுக்குக் குறி சுட்ட மாதிரி?" என்றார் அக்கா.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"உம்மடை பையிலையும் ஒண்டு குத்தினீரோ?"

"எனக்கு என்னத்துக்கு?"

லொஸ் ஏஞ்சலிசில் மாறி, இரவு முழுவதும் கடலுக்கு மேலே பறந்து, விடியப்புறம் இறங்கினோம். விமான நிலையம் நம் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபம் அளவு. வருகிறவர்களை வரவேற்க ஒரு கிழவர் சின்னக் கித்தார் ஒன்றை மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற இடத்தில் சோதனை. அங்கே வெளியூர் உணவு கொண்டு போக விடமாட்டார்கள் என்று நிரூபா போனில் சொன்னாளாம். அக்கா என்னிடம் சொன்னாராம். எனக்கு ஞாபகம் இல்லை. பெரிய உடம்புக்காரரான அதிகாரி மெதுவாக என் பெட்டியைத் திறந்து, கருவாட்டை இரண்டு விரலால் தூக்கி மேசையில் வைத்தார். பிறகு டயப்பர்க் கட்டைத் தூக்கினார். மரியாதையாக, தணிந்த குரலில், இது யாருக்கு என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா என்னைக் காட்டி, "ஃபோர் ஹேர்" என்றார்.

அதிகாரி டயப்பரைத் திருப்பித் தந்தார். கருவாட்டைத் தரவில்லை.

வெளியே நிரூபா பூமாலையோடு நின்றாள். அக்கா மந்திரி மாதிரிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். எனக்கும் போட்டாள். நான் வீடு போகும்வரை தும்மினேன்.

நிரூபா பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். ஆகவே நானும் அக்காவும் தலைநகரைப் பார்க்கப் புறப்பட்டோம். தலைநகரம் என்றதும் நான் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டேன். அவாருவா கடலோரமாக ஒரு தெரு. ஒரு சின்னத் துறைமுகம், தபால் கந்தோர், வங்கி, சில கடைகள், சந்தை, வெள்ளை அடித்த பழைய தேவாலயம். போக்குவரத்து விளக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு கோழியும் குஞ்சுகளும் பெருந்தெருவைக் கடக்க, இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றன. யாரும் கோர்ன் அடிக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் "கியா ஒராணா" என்று வணக்கம் சொன்னார்கள். அக்கா எல்லோருக்கும் திருப்பிச் சொன்னார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரொறொன்ரோவில் தெரியாத ஒருவர் சிரித்தால் ஏதோ விற்க வருகிறார் என்று அர்த்தம்.

ஒரு மணி நேரத்தில் தலைநகரம் முடிந்துவிட்டது. வீடு திரும்புவதில்தான் பிரச்சினை தொடங்கியது.

அந்தத் தீவின் நடுவில் பச்சையாக மலை. மலையைச் சுற்றிக் கடலோரமாக ஒரே ஒரு வட்டத் தெரு. அதில் இரண்டு பஸ் ஓடுகிறது. ஒன்று மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில், வலமாக. மற்றது அதற்கு எதிர்த் திசையில், இடமாக. பஸ்சின் நெற்றியிலேயே எழுதியிருக்கும். தீவை ஒரு மணிக்கூடு என்று வைத்தால் தலைநகர் பன்னிரண்டில், நிரூபாவின் வீடு ஒன்பதில். வீட்டிலிருந்து நகருக்கு வலம் போகும் பஸ்சில் வந்தோம். கொஞ்ச நேரம்தான். திரும்பிப் போக எதிர்ப் பஸ்சில் ஏறினால் அதே கொஞ்ச நேரம்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். அக்கா கீழே நின்றார்.

"வாங்கோ அக்கா."

"உதிலை நான் ஏற மாட்டன்."

"ஏன்?"

"உது இடம் சுத்துது."

நான் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

"நடுவிலை மலை நிக்குது," என்றார் அக்கா. "அதைச் சுத்தித்தான் பஸ் போகுது. வலமாத்தான் சுத்தோணும்."

"மலை என்ன கோயிலே அக்கா?"

"கோயில் இல்லைத்தான். பிணமும் இல்லை. பிணத்தைத்தான் இடம் சுத்துறது."

"இஞ்சத்தைச் சனம் எல்லாம் அதிலைதான் போகுது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

"அவையின்ரை மலை, அவையின்ரை எண்ணம். நான் விருந்தாளி. நான் முறையாச் செய்யோணும்."

"நான் வேதக்காரி. எனக்கு இடமும் ஒண்டுதான், வலமும் ஒண்டுதான்."

"அப்ப வலத்திலை வாருமன். உமக்குத்தானே ரெண்டும் ஒண்டு."

வலம் போகும் பஸ்சில் ஏறி, பன்னிரண்டிலிருந்து மூன்று, ஆறு என்று முழுத் தீவையும் சுற்றி ஒன்பதுக்கு வந்து இறங்கினோம். அன்று மாத்திரமல்ல, அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். அக்காவுக்கு அதுவே கொண்டாட்டம். முன் இருக்கையில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்துகொள்வார். தலையில் பனையோலைத் தொப்பி வைத்த, நாற்பது வயது மதிக்கத்தக்க பெருத்த மனிதர் அவர். அக்கா அவரைத் தம்பி என்றார். அவருக்குத் தம்பி என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் திரும்பிப் பார்ப்பார். இரண்டாம் நாள் அக்காவுக்கு அவருடைய தாயின் மூட்டுவலி தெரியும். மூன்றாம் நாள் தாய்க்கு நல்லெண்ணெயில் என்ன போட்டுக் காய்ச்ச வேண்டும் என்று கையால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் பின் இருக்கையில் தும்மலோடு இருந்து, இடமறியாத் தன்மை, பிடிவாதம், அந்நியரோடு அளவுக்கு மீறிய நெருக்கம் என்று பிரவீனனுக்குச் சொல்ல வேண்டியவற்றை மனத்தில் அடுக்கினேன்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். பப்பாளி, கிழங்கு, வாழைக்குலை, பூமுடி, தொப்பி. அக்கா ஒரு மஞ்சள் தொப்பி வாங்கி, சேலையோடு அதைத் தலையில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியது. எனக்கு நல்ல சப்பாத்துக் கடித்து இரண்டு குதிகாலும் புண். இன்னுமொருமுறை தீவைச் சுற்ற என்னால் முடியாது.

இடம் போகும் பஸ் வந்தது.

"அக்கா, நான் இதிலைதான் போறன். காலைப் பாருங்கோ."

"போம். நான் மற்றதிலை வாறன்."

"உங்களைத் தனிய விட்டிட்டோ?"

"நான் என்ன, கைக்குழந்தையே? உங்கை நிக்குது பஸ். தம்பிதான் ஓட்டுறான். நீர் போய்க் காலுக்கு மருந்து போடும். எங்கடை ரெண்டு பேரிலை ஆருக்கு இப்ப பராமரிப்பு வேணுமெண்டு அந்தக் கோழியைக் கேட்டாலும் சொல்லும்."

கோபத்தில் ஏறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு. நிரூபா பள்ளிக்கூடப் பந்தாட்டப் போட்டிக்குப் போயிருந்தாள். காலுக்கு மருந்து போட்டு, தேநீர் குடித்து, வாசலில் இருந்தேன். அக்காவின் பஸ் சுற்றி வர வேண்டிய நேரம் வந்தது. பஸ்சும் வந்தது. அக்கா இறங்கவில்லை. பஸ்சை ஓட்டியவரும் அந்தத் தம்பி இல்லை. வேறொருவர்.

என் படிப்பு முழுவதும் ஒரே நொடியில் தலைக்குள் எழுந்து நின்றது. வழிதவறியவர் வழக்கமான பாதையில்தான் போவார். முதல் மணித்தியாலம் முக்கியம். பதற்றப்படக் கூடாது. நான் பதறாமல், இரத்த அழுத்தக் கருவி இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு, கையைக் காட்டி அதே பஸ்சில் பாய்ந்து ஏறினேன். வலம் போகும் பஸ்சில்தான். அக்காவுக்கு இது தெரிந்தால் சந்தோசப்படுவார் என்று அப்போது தோன்றவில்லை.

சாரதியிடம் மஞ்சள் தொப்பி, சேலை, வயது போனவர் என்றெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். நகரில் அக்கா இல்லை. சந்தை காலியாகியிருந்தது. பஸ்சை விட்டு இறங்காமல் கிழக்கே போனேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகள். அந்த ஊரில் செத்தவர்களை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். வெள்ளையடித்த கல்லறைகள், சிலவற்றுக்குக் கூரைகூட உண்டு. ஒவ்வொரு முற்றத்தையும் துழாவிக்கொண்டே வந்தேன். தீவின் தென்கரையில், மணிக்கூட்டின் ஆறில், தித்திகாவேகா என்ற கிராமத்தில் ஒரு கல்லறையின் மேல் மஞ்சளாக யாரோ சரிந்து கிடப்பது தெரிந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். நிற்பாட்டினார். இறங்கி ஓடினேன்.

அது காயப்போட்ட மேசை விரிப்பு.

திரும்பிப் பார்த்தபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்சுக்காக வெயிலில் நின்றேன். நின்றேன். வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி வந்து, சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பஸ் இல்லை, திங்கட்கிழமைதான் இனி என்றாள். அந்த விவரம் எல்லா பஸ்சிலும் ஒட்டியிருக்கிறதாம். மூன்று நாளாக அந்தத் தாளுக்குக் கீழேதான் நான் இருந்திருக்கிறேன்.

எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டாள். நிரூபாவின் வீட்டின் கிராமப் பெயர் வாயில் வரவில்லை. ஒன்பது மணி என்றேன். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தொலைபேசி எண் கேட்டாள். அது அக்காவின் பைக்குள் ஊசியால் குத்தியிருக்கிறது. உன்னோடு வந்தவர்கள் யார் என்றாள். "நான் நேர்ஸ் மாதிரி. என்ரை நோயாளியைத் தொலைச்சிட்டன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு ஆதாரமாக இரத்த அழுத்தக் கருவியை எடுத்துக் காட்டினேன்.

அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். எதிர்த்துப் பேசாதே, தொடர்ந்து பேச்சுக் கொடு, நிழலில் இருத்து, குடிக்கக் கொடு. என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், கூரை போட்ட கல்லறையின் மேல் விரிப்பை மடித்துப் போட்டு என்னை இருத்தினாள். தன் மாமியாரின் கல்லறையாம், நல்ல குளிர்ச்சி என்றாள். இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவளுடைய தங்கை வந்து, என் கருவியை என் கையிலேயே சுற்றி அழுத்தம் பார்த்தாள். நூற்றெழுபது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவள் உள்ளே போய் எங்கேயோ தொலைபேசியில் பேசினாள். அந்தத் தீவில் ஆடு காணாமல் போனாலும் ஆள் காணாமல் போனாலும் வானொலிக்குத்தான் சொல்வார்களாம். சற்று நேரத்தில் வீட்டுக்குள் பாட்டு நின்று அறிவித்தல் வந்தது. அவர்கள் மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. கல்லறையில் இருந்தபடியே கேட்டேன். இந்தியர் போலத் தோன்றும் வயோதிப மாது ஒருவர் தித்திகாவேகாவில் கண்டெடுக்கப்பட்டுள்ளார். சற்றுக் குழப்பமாக இருக்கிறார். தன்னை நேர்ஸ் என்று சொல்கிறார். காலில் புண் உள்ளது. உரியவர்கள் வந்து கூட்டிச் செல்லவும்.

மாலை சாய முன் ஒரு பிக்கப் வந்து முற்றத்தில் நின்றது. ஓட்டி வந்தவர் தொப்பிச் சாரதி. பக்கத்தில் மஞ்சள் தொப்பியோடு புனிதவதி அக்கா. பலமான கையால் கதவைப் பிடித்து, பலவீனமான கையை மடியில் வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகு மற்றதை எடுத்து இறங்கினார். எனக்கு அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. சரியாக இறங்கினார்.

"றோஸ்மேரி, நீர் இஞ்சை என்ன செய்யுறீர்?"

"உங்களைத் தேடித்தான் அக்கா."

"நான் தொலையேல்லையே."

"நீங்கள் பஸ்ஸிலை வரேல்லை!"

"தம்பியின்ரை வேலை பாதி வழியிலை முடிஞ்சுது. தாய் சாப்பிட வரச் சொன்னவ. பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து நிரூபாவுக்குச் சொல்லச் சொல்லிப்போட்டுத்தான் போனனான். சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை ரேடியோவிலை உம்மைச் சொல்லினம். தம்பிதான் முதல் சிரிச்சவன்."

"நீங்களும் சிரிச்சனீங்கள்தானே?"

"ஓம். நான் என்ன, கல்லோ?" என்றவர், நான் இருந்த இடத்தை அப்போதுதான் கவனித்தார். "எழும்பும், எழும்பும். ஆற்றையோ சமாதியிலை இருந்துகொண்டு இளநீரும் குடிக்கிறா."

அந்த வீட்டுப் பெண் அக்காவைத் தனியே அழைத்து, என்னைப் பற்றி அக்கறையாக ஏதோ கேட்டாள். அக்கா தன் சுருக்கமில்லாத ஆங்கிலத்தில், "ஷீ இஸ் ஓகே. ஒன்லி டுடே," என்று உத்தரவாதம் கொடுத்து என்னைக் கையெழுத்து வைத்து எடுத்த பொதி மாதிரிப் பெற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தீவில் எல்லாம் பூட்டு. நான் பூசைக்குப் போனேன். வாசலில் தெரியாத இரண்டு பேர் என் கால் புண்ணை விசாரித்தார்கள். ஒருவர் என்னைப் படியில் கைபிடித்து ஏற்றினார். மறுக்கவில்லை. மத்தியானம் நிரூபா தூங்க, அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"பிரவீனனுக்கு என்ன சொல்லப் போறீர்?"

"கண்டதைச் சொல்லுவன்."

"எதைக் கண்டனீர்?"

ஒருநாள் நான் தொலைந்தேன் என்பதற்காக அவர் தனியே இருக்கலாம் என்றாகிவிடாது. இது வேறு, அது வேறு. எனக்கு நன்றி காட்டுவதற்காகப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை.

"இடக்கையிலை பலம் வரேல்லை அக்கா. வராது. அதுதான் உண்மை."

"தெரியும். ஸ்ரௌவ்விலுக்குப் போனா வருமே?"

"பாத் ரப்பிலை இன்னொருக்கா விழுந்தா?"

"அங்கையும் பாத் ரப் இருக்கு. விழுந்தா, அவனும் பெண்சாதியும் வேலையாலை வருமட்டும் கிடக்கவேண்டியதுதான். பார்க்டேலிலை சுவரிலை தட்டினா பக்கத்து வீட்டுப் பிள்ளை வரும்." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் தொலைஞ்ச கதையை நான் அவனுக்குச் சொல்ல மாட்டன். அதுக்காண்டி நீர் எனக்குச் சாதகமாச் சொல்லவும் வேண்டாம். அவன் உம்மைத்தான் கேக்கிறன் எண்டிட்டான். நானும் ஓமெண்டிட்டன். சொல்லுறதைச் சொல்லும்."

அவர் பயமுறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் கோபப்பட்டு ஸ்ரௌவ்வில் என்று சொல்லியிருப்பேன். அவர் எழுந்து, ஒற்றைக் கையால் கோப்பைகளைக் கழுவப் போனார். உதவிக்கு எழும்பப் பார்த்தேன். குதிகால் விடவில்லை. இருந்து பார்த்தேன். பலவீனமான கையின் முழங்கையால் கோப்பையைத் தொட்டியோரம் அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் தேய்த்து, ஒன்றும் உடையாமல் கழுவி முடித்தார். அந்த முறையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு மாதமாக அவருடைய கோப்பைகளை நான்தான் கழுவிக்கொண்டிருந்தேன், அவரால் முடியாது என்று.

ரொறொன்ரோவில் இறங்கியபோது பிரவீனன் காத்துக்கொண்டிருந்தான். அக்கா காரின் முன் இருக்கையில், நான் பின்னால் பெட்டிகளோடு.

"எப்பிடி அன்ரி? அம்மா ஏதும் கரைச்சல் தந்தவவே?"

அக்கா மிசிசாகாப் பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் தொலைஞ்சு, ரேடியோவிலை அறிவிச்சுத்தான் பிடிச்சது," என்றேன்.

"கடவுளே. அம்மாவோ?"

"நான்."

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். நீண்ட நேரம் சிரித்தான். பிறகு, வேலைக்குப் போகும்போது பேசும் குரலில் சொன்னேன். அம்மா தனியே இருக்கலாம். ஆனால் பாத் ரப்புக்குக் கம்பி பூட்ட வேண்டும், இந்தக் கிழமையே. கீழே வழுக்காத விரிப்பு. குளிக்கிறது நான் இருக்கும்போது மட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கதவுத் திறப்பு ஒன்று. தினமும் பின்னேரம் ஒரு போன். இதில் ஒன்று பிழைத்தாலும் ஸ்ரௌவ்வில்.

"கம்பியோ?" என்றார் அக்கா. "என்ரை வீடென்ன, ஆசுப்பத்திரியே?"

"அப்ப ஸ்ரௌவ்விலுக்கு விடச் சொல்லட்டோ?"

அக்கா மறுபடி கட்டடங்களைப் பார்க்கத் தொடங்கினார். பிரவீனன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். மனைவி வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்திருக்கிறாள் என்று மெல்லச் சொன்னான். பெருந்தெரு பிரியும் இடம் வந்தது. கிழக்கே போனால் அவன் வீடு, தெற்கே போனால் ஏரிக்கரையும் பார்க்டேலும். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் ஓட்டினான். பிறகு தெற்குப் பக்கம் விளக்குப் போட்டான்.

ஏரி தெரிந்த பிறகுதான் அக்கா திரும்பினார்.

"திங்கக்கிழமை வாறீரோ?"

"வாறன் அக்கா. எட்டு மணிக்கு."

"வெள்ளண வந்து கதவிலை நில்லாதையும். எத்தினை நாளாச்சு, ஸ்ரீற்காரிலை போட்டுப் பத்து மணிக்குத்தான் வருவன். அதுக்குள்ளை உமக்குக் கால் உளைஞ்சா, பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டைத் திறப்பு இருக்கும், வாங்கித் திறந்துகொண்டு உள்ளை இரும்."